நாள் தாண்டிய எலிகள்

கொடியில் காய்ந்துகொண்டிருந்த கைலியின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் துணி காணாமல் போயிருந்ததைப் பார்த்ததும், எலியின் வேலை என்றுதான் இருசப்பன் முதலில் நினைத்தான். அப்படி நினைத்ததில் தப்பில்லை. எட்டு வருடமாக அந்தச் செம்பனைத் தோட்டத்தில் எலிக்கு மருந்து வைத்தவன் அவன். ஆனால் எலி பல் பட்ட துணியின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். இந்தக் கைலியோ நீளவாக்கில் ஒரே இழுப்பில் கிழிந்திருந்தது. கிழிசல் தொடங்கிய இடத்தில் மட்டும் ஈரமாக இருந்தது. வெயிலில் கைலி முழுக்க மொறமொறவென்று காய்ந்திருக்க, அந்த ஒரு விரல்கடை அளவு மட்டும் கொழகொழவென்று ஒட்டியது.

வீட்டிலிருந்த இரண்டு எலிகளும் பெட்டிக்குள்தான் இருந்தன. மூடியின் கம்பியைக் காலையில் அவன் எப்படி முறுக்கிவிட்டுப் போனானோ அப்படியே இருந்தது. அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தான். அவன் மனைவி கலாவதி சுவரில் சாய்ந்து கால்களை நீட்டி உட்கார்ந்து, கைலித் துணியின் ஒரு முனையைப் பல்லில் கவ்வி, தலையை ஒருபக்கமாக வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விரல் அகலத்துக்குக் கிழித்த துண்டுகள் குவிந்து கிடந்தன.

"வயித்துல புள்ளய வெச்சிக்கிட்டு கத்திரிக்கோல் எடுக்கக் கூடாதுல்லங்க, அதான்" என்றாள். "மூத்தவளுக்கு நாள் கிட்டத்துல வந்துருச்சு. மெத்துனு எதாச்சும் வேணும்."

மூத்தவள் என்றது பெட்டிக்குள் இருந்த பெரிய எலியை. இருசப்பனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நல்ல கைலி போனதே என்று ஒரு வருத்தம், அவ்வளவுதான்.

எலியைக் கொல்கிறவன் வீட்டில் எலி எப்படி வந்தது என்று தோட்டத்தில் கேட்காத ஆள் இல்லை. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் உயிரைக் கொல்லக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது. இது லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. கலாவதி கர்ப்பமான முதல் இரண்டு தடவையும் இருசப்பன் முடி வெட்டவில்லை, பிணம் தூக்கவில்லை. மருந்து வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அது வேலைதானே, கையால் அடித்தா கொல்கிறோம், மரத்தடியில் ஒரு மெழுகுக் கட்டியை வைத்துவிட்டு வருகிறோம், தின்பதும் சாவதும் அதன் பாடு என்று இருந்துவிட்டான். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போனது. இரண்டாவது பிறந்து மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் கலாவதி அதை மார்பிலிருந்து இறக்கவில்லை. நான்காம் நாள் விடியற்காலை அவள் கையிலிருந்து பிரித்து எடுக்க இரண்டு பெண்கள் வேண்டியிருந்தது.

தோட்டத்து வாய் சும்மா இருக்குமா? எலிப்பாவம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த மூன்றாவது தங்கியது தெரிந்ததுமே இருசப்பன் வேலை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டான். தாடி அடர்ந்தது. எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளினான்.

அப்படி இருந்தவனைத்தான் தோட்டத்து ஆபீஸ் கிராணி மகாதேவா ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். மகன் படிப்புக்கு வெளிநாடு போய்விட்டான், அவன் ஆசையாக வளர்த்த வெள்ளை எலிகளைப் பார்க்க ஆள் இல்லை. ஆண் எலி சில நாள் முன்புதான் செத்துப்போயிருந்தது. "இது ரெண்டும் பெட்டை. நீர்தானே எலிக்காரன், கொண்டுபோய் முடிச்சுவிடும்" என்று கம்பிவலை அடித்த பலகைப் பெட்டியைக் கையில் கொடுத்தார். கிராணியிடம் முடியாது என்று சொல்ல இருசப்பனுக்கு நாக்கு எழவில்லை. வரும் வழியில் பெட்டியைத் திறந்து பெரியதைக் கையில் எடுத்து வயிற்றைத் தடவிப் பார்த்தான். உள்ளே மொச்சைக்கொட்டைகளை வரிசையாக அடுக்கியது போலிருந்தது. சினை. சிவப்புக் கண்களால் அது அவனை ஏறிட்டுப் பார்த்தது, திமிறவில்லை. கொல்லவும் முடியாது, சினை எலியைக் காட்டில் பாம்புக்கு விடவும் மனம் வரவில்லை. வீட்டுக்குத்தான் கொண்டுவந்தான்.

கலாவதி அன்றைக்கே நேர்ந்துகொண்டாள். இதன் குட்டிகள் உயிரோடு இருந்தால் என் பிள்ளையும் இருக்கும் என்று. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஊர் புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி ஏழு மைல் கட்டை உள்ளே. லயத்தில் பாதி வீடுகள் காலி, ஆட்கள் ரவாங் பக்கம் ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். இருசப்பன் வீடு கடைசி வீடு. இடப்பக்கத்து வீட்டில் ஆள் இல்லாமல் ஒரு வருடம் ஆகிறது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குள் போய்விட்டால், மதியம் வரை அவளுக்குப் பேச்சுத்துணை அந்த இரண்டு எலிகள்தான்.

எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருசப்பன்தான் சொல்லிக்கொடுத்தான். எலியைக் கொல்லக் கற்றவனுக்கு அது பிழைக்கும் வழியும் தெரியுமல்லவா? எறும்பு ஏறாமல் பெட்டியின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய பால் டின்களில் நிறுத்தினான். இளையவளை வேறு பெட்டிக்கு மாற்றினான். தேங்காய் நாரும் துணியும் கூட்டுக்கு, அவித்த முட்டையும் நெத்திலியும் ஊறவைத்த பருப்பும் சாப்பாட்டுக்கு. பெட்டிமேல் கறுப்புத் துணி ஒன்றைப் போர்த்தினான். குட்டி போட்டதும் நாலைந்து நாளைக்கு இந்தத் துணியை எடுக்காதே, வெளிச்சமோ வேற்று வாசமோ பட்டால் தாய் மிரண்டுவிடும், மிரண்டால் குட்டிகளைத் தின்றுவிடும் என்றான். கலாவதி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில்கூட அவள் அப்படிக் கவனித்திருக்க மாட்டாள்.

ஒரு வாரத்தில் மூத்தவள் ஒன்பது குட்டி போட்டது. ஐந்தாம் நாள் துணியை விலக்கியபோது எட்டுத்தான் இருந்தது. ஒன்று நோஞ்சான், தின்றிருக்கும் என்று இருசப்பன் பதமாகச் சொன்னான். அவள் அழுவாள், நேர்த்தி பொய்த்துவிட்டது என்பாள் என்று பயந்தான். கலாவதி அழவில்லை. பெட்டிக்குள் குனிந்து, குட்டிகளை நக்கிக்கொண்டிருந்த எலியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குத் தெரிஞ்சிருக்குங்க, இது நிக்காதுன்னு" என்றாள் மெதுவாக. "மோந்து பாத்தே தெரிஞ்சிக்குது. எனக்குத்தான் தெரியல. மூணு நாளு பாலு குடுத்தேன்."

அதில் கோபமோ அழுகையோ இல்லை. சமையல் பக்குவம் தெரியாமல் போனதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். இருசப்பன் தண்ணீர் டின்களை நிரப்பப் போய்விட்டான்.

பத்து நாள் கழித்து இளையவளும் ஏழு குட்டி போட்டது. இருசப்பன் இதை எதிர்பார்க்கவில்லை, அதற்கு வயிறே தெரிந்திருக்கவில்லை. இதற்குமேல் பெருக விடக் கூடாது என்று, குட்டிகளுக்கு நாலு வாரம் ஆனவுடனே வாலைத் தூக்கிப் பார்த்து, ஆண் குட்டிகளை எல்லாம் பொறுக்கி எடுத்துக் கொண்டுபோய்த் தூரத்துக் காட்டில் விட்டான். தாய்கள் இரண்டு, பெட்டைக் குட்டிகள் ஒன்பது. பதினோரு பெட்டைகள் மூன்று பெட்டிகளில். ஒரு ஆண்கூட இல்லை. வெளியிலிருந்து ஒன்று நுழையாதபடி வலையின் ஒவ்வொரு கண்ணையும் விரல் விட்டுப் பார்த்திருந்தான்.

கலாவதிக்கு ஏழாம் மாதம் பிறந்தபோது பதினோரு எலிகளுக்கும் வயிறு தள்ளியிருந்தது.

அன்று இருசப்பன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தடவினான். மொச்சைக்கொட்டைகள். எல்லாவற்றிலும். தாய்களை விட்டுத் தள்ளலாம், ஆனால் பருவம் வருமுன்பே ஆண்களைப் பிரித்துவிட்ட பெட்டைக் குட்டிகளுக்கு எப்படி? தேதி காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். எலிக்குச் சினை இருபத்திரண்டு நாள். மிஞ்சினால் இருபத்து நாலு. இதில் மாற்றம் கிடையாது. இந்தக் கணக்கை வைத்துத்தான் அவன் எட்டு வருடம் மருந்து வைத்தான்.

இருபத்து நாலாம் நாள் வந்தது. ஒன்றும் குட்டி போடவில்லை. முப்பதாம் நாள் வந்தது. வயிறுகள் பெருத்து, தோல் மினுமினுத்து, நடந்தால் தரையில் உரசின. பதினோரு எலியும் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தன. கலாவதி எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறாளோ அந்தப் பக்கம். இதைக் கண்டுபிடித்த மதியத்தில் அவன் சாப்பிடவில்லை. அவள் திரும்பிப் படுத்தாள். பெட்டிகளுக்குள் தேங்காய் நார் சரசரத்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அவன் எட்டிப் பார்க்கவில்லை.

"இதுங்க ஏன் இன்னும் குட்டி போடல, கலா?"

"காத்துக்கிட்டு இருக்குதுங்க" என்றாள் அவள்.

நாற்பதாம் நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் குளிக்கப் போயிருந்தபோது பதினோரு எலிகளையும் கோணிக்குள் போட்டுக் கட்டி, சைக்கிளில் வைத்துத் தோட்டத்தின் எல்லை வாய்க்கால் வரை போனான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர் கம்பத்து வயல்கள். கோணியின் வாயை அவிழ்த்துப் புல்லில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான். கொல்லவில்லையே, விட்டுவிட்டுத்தானே வந்தேன் என்று வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கலாவதி குளித்துவிட்டு வந்தாள். காலிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள். பொழுது சாயும்போது அவனைக் கூப்பிட்டு அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். மத்தியானத்திலிருந்து புள்ளை அசையவில்லை என்றாள். அவனும் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். ஒன்றும் இல்லை. உதையில்லை, உருளலில்லை. முதல் பிள்ளை அடங்கியபோதும் அந்த வயிறு இப்படித்தான் கல் மாதிரி இருந்தது, அவனுக்கு அது மறக்கவில்லை. மரணபயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான்.

விடிந்தும் விடியாமல் வாய்க்காலுக்கு ஓடினான். கோணி கிடந்த இடத்திலேயே கிடந்தது. வாய் திறந்தேதான் இருந்தது. உள்ளே பதினோரு எலிகளும் ஒன்றையொன்று ஒட்டி, வந்த வழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடப் போகவில்லை. மூத்தவள் அவனைப் பார்த்ததும் எழுந்து முன்னால் வந்தது. அவன் கோணியைத் தூக்கித் தோளில் போட்டபோது அழுதுவிட்டான். வீட்டுக்குள் நுழைந்து பெட்டியில் அவற்றை விட்ட அதே நேரத்தில் கலாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதைக்குதுங்க, உதைக்குது என்றாள். அவனும் தொட்டுப் பார்த்தான். ஒரு கால் உதைப்பதாகத் தெரியவில்லை. பல இடத்தில், சின்னச் சின்னதாக, ஒரே சமயத்தில் அசைந்தது. சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் எலிகளைத் தொடவில்லை.

ஒன்பதாம் மாதம் தொடங்கியதும் கலாவதி பின்னறைக்கு மாறிக்கொண்டாள். ஜன்னலில் அட்டை வைத்து அடைக்கச் சொன்னாள். வாசலில் கறுப்புத் துணிகளைச் சேர்த்துத் தைத்துத் தொங்கவிட்டாள். உள்ளே கட்டில் வேண்டாம் என்றாள், பாயும் வேண்டாம் என்றாள். கிழித்த கைலி, கிழித்த சேலை, தேங்காய் நார், பஞ்சு, சீப்பில் வந்த அவள் தலைமுடி எல்லாம் ஒரு மூலையில் வட்டமாகச் சேர்ந்துகொண்டே வந்தன. நடுவில் ஒரு குழி. அவள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற்பட்ட குழி. பெட்டிகளின் மூடியை அவள் எப்போது திறந்துவிட்டாள் என்று தெரியவில்லை, எலிகள் வீட்டுக்குள் தாராளமாக நடமாடின. வாயில் துணித்துண்டைக் கவ்விக்கொண்டு பெரிய வயிறோடு தள்ளாடித் தள்ளாடிப் பின்னறைக்குள் போவதை இருசப்பன் பார்த்தான். நெத்திலியும் கொண்டுபோயின. யாருக்கென்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று தெரியும்.

வீட்டில் ஒரு வாடை குடியேறியது. எலிக்கூட்டின் மூத்திர வாடை அவனுக்குப் பழக்கம். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. பால் காய்ந்து புளித்த மாதிரி, சூடாக, கொஞ்சம் இனிப்பாக. அது அவள் கழுத்திலிருந்து வந்தது.

லயத்தில் பிரசவம் பார்க்கும் வேலம்மா இரண்டு தடவை வந்தார். இரண்டாவது தடவை கலாவதி அவரைத் துணிக்கு உள்ளேயே விடவில்லை, வெளி வாசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேலம்மா இருசப்பனைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். நாற்பது பிள்ளைகளைக் கையில் வாங்கியவர், சுலபத்தில் பயப்படுகிறவர் இல்லை. அன்றைக்கு அவர் வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே பேசினார்.

"தம்பி, மொத தடவ வந்தப்ப வயித்த அமுக்கிப் பாத்தேன். தல எது, காலு எதுன்னு புடிபடல. எங்க தொட்டாலும் ஒண்ணு நகருது. நான் பாக்க மாட்டேன்லா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரு."

இருசப்பன் மண்டோரிடம் சொல்லித் திங்கட்கிழமை காலைக்குத் தோட்டத்து லோரியை ஏற்பாடு செய்தான். கலாவதியிடம் சொல்லவில்லை. சொன்னால் மிரளுவாள் என்று பயம். அப்போதே அவன் அவளைப் பற்றி அப்படித்தான் நினைக்கத் தொடங்கியிருந்தான், அவனுக்கே தெரியாமல்.

திங்கட்கிழமை வரவில்லை. அதற்கு முந்தின சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கே கடல் பக்கமிருந்து வானம் கறுத்து வந்தது, செம்பனை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைந்தன, முதலில் மண் வாசமும் பிறகு பழம் அழுகும் வாசமும் காற்றில் வந்தன, பின் மழை எதிரில் நிற்கும் மாட்டைக்கூட மறைக்கிற மாதிரி இறங்கியது. வேலையை நிறுத்திவிட்டார்கள். இருசப்பன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தபோது, வேலம்மா குடையோடு அவன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். காலையிலிருந்து முனகல் கேட்கிறது, தட்டினால் திறக்கவில்லை என்றார்.

இருசப்பன் பின்கதவின் தாழ்ப்பாளை வெளியிலிருந்து குச்சி விட்டு நெம்பினான். இருவரும் உள்ளே போனார்கள். தகரக்கூரையில் மழை அறைந்தது. மின்சாரம் மாலை ஆறு மணிக்குத்தான் வரும். இருட்டு கண்ணுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நடுவீட்டுத் தரையில் எலிகள் உட்கார்ந்திருந்தன. பதினொன்றும். பின்னறைத் துணியைப் பார்த்தபடி, அரைவட்டமாக, அசையாமல். இருசப்பன் அவற்றின் வயிற்றைப் பார்த்தான். ஒட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும். திறந்துகிடந்த பெட்டிகளைப் பார்த்தான். குட்டி ஒன்றுகூட இல்லை.

அப்போது துணிக்கு உள்ளேயிருந்து பிள்ளை அழுதது.

நல்ல அழுகை. நுரையீரல் நிறைந்த, கோபமான, மனிதப் பிள்ளையின் அழுகை. உயிரோடு பிறந்துவிட்டது. மூன்றாவது நின்றுவிட்டது. அவன் வாய்விட்டு அழுதான். வேலம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு துணியை விலக்கக் கை நீட்டினார். இருசப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கொடி அறுக்கணும்டா. நவுரு."

"தொறக்காதீங்க" என்றான். "மெரண்டுரும்."

வேலம்மா அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்திருந்தவற்றைப் பார்த்தார். கையை உருவிக்கொண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரைக் கூட்டிவருகிறேன், ஆளுங்களைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிக்கொண்டே மழைக்குள் ஓடினார்.

இருசப்பன் துணிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றான். நாலைந்து நாள். அதற்குள் எடுக்கக் கூடாது. எடுத்தால் போய்விடும். இவ்வளவு தூரம் வந்து போய்விடும். உள்ளே நக்கும் சத்தம் கேட்டது, ஈரமாக, நிதானமாக. சுத்தப்படுத்துகிறாள். தாய் அப்படித்தான் செய்யும். அழுகை கொஞ்சம் தணிந்தது. நல்லதுதான். பிறகு விக்கல் மாதிரி ஆயிற்று. பிறகு விட்டு விட்டு.

முகரும் சத்தம்.

நீளமாக. ஒரு தடவை. இன்னொரு தடவை.

அழுகை நின்றது.

மழை மட்டும். மழைக்கு அடியில் வேறொரு சத்தம். சின்னச் சத்தம். அவன் அதை எட்டு வருடமாக அறிவான். மரத்தடியில் உட்கார்ந்து எத்தனையோ நாள் கேட்டிருக்கிறான். அது எதுவென்று தெரியாதவன் மாதிரி நின்றான்.

"கலா" என்றான்.

அந்தச் சின்னச் சத்தம் நின்றது. பிறகு அவள் குரல் வந்தது, கனிவாக, களைத்துப்போய்.

"இது நிக்காதுங்க. இந்தத் தடவ எனக்குத் தெரிஞ்சிருச்சு."

அவன் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அழுவாதீங்க. மத்ததெல்லாம் நல்லா இருக்கு."

அவன் துணியை நாலு விரல் அளவுக்கு விலக்கினான்.

குழிக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். முதுகு வளைந்து, தலைமுடி முன்னால் விழுந்து. இரண்டு கைகளையும் குவித்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், காதுக்குப் பின்னாலிருந்து முன்னால், திரும்பத் திரும்ப, வேகமாக. திறந்த மார்பின்மேல் இளஞ்சிவப்பாக, விரல் நீளத்தில், கண் மூடி. வரிசையாக. இரண்டு பக்கமும். அவனால் எண்ண முடியவில்லை. பால் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்றின் கையில் ஐந்து விரல்கள் விரிந்து மடங்கின.

விலகிய துணி வழியாக வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. அவள் துடைப்பதை நிறுத்தினாள். தலை சட்டென்று நிமிர்ந்தது. அவனை யாரென்று அந்தக் கண்களுக்குத் தெரியவில்லை. மேலுதடு துடித்தது. அவள் கை, பார்வையை அவன்மேலிருந்து எடுக்காமலே, மார்பிலிருந்த ஒன்றைப் பிய்த்து எடுத்து வாய்க்கு அருகில் கொண்டுபோயிற்று.

இருசப்பன் துணியை விட்டான்.

மெதுவாக. ஒரு சத்தம் இல்லாமல். ஓரங்களைச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். அடியில் வெளிச்சம் நுழைந்த இடத்தில் தன் தலைச்சாக்கை மடித்து அடைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தான். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு பால் குடிக்கும் சத்தம் மறுபடி கேட்டது. எல்லாமே குடித்தன. அவன் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. துணிக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தான்.

வெளியே லோரி வந்து நின்றது. டிரெஸ்ஸரின் குரலும் வேலம்மாவின் குரலும் இன்னும் நாலைந்து ஆண்களின் குரலும் மழையில் கலந்து கேட்டன. எலிகள் பதினொன்றும் எழுந்து அவனுக்கு இரண்டு பக்கமும் வந்து, வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தன. யாரோ கதவைத் தள்ளினார்கள். இருசப்பன் பக்கத்தில் சுவரோரம் சாய்த்துவைத்திருந்த பாராங் கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே கேட்காதபடி மெல்லிய குரலில், யாரும் வராதீர்கள் என்று சொன்னான்.